அகாமாவும் ஆகமமும்

குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டி, இப்போது தாமான் வீட்டில் மகனோடு இருக்கிறார் ஒரு பெரியவர். சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பள்ளி விட்டு வந்த பேரன் ஒரு பாரத்தை நீட்டினான். பெயர், பிறந்த தேதி, அடுத்த கட்டத்தில் 'அகாமா'.

"இந்துன்னு எழுதுப்பா" என்றார் தாத்தா.

பையன் எழுதவில்லை. "போன வாரம் கோயில் கூட்டத்துல, நம்ம முனியாண்டி ஆகமத்துல இல்லைன்னு சொன்னாங்களே தாத்தா! அந்த ஆகமமும் இந்த அகாமாவும் ஒண்ணா?"

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். நான் காப்பிக் கோப்பையைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் பதில் கிடைத்தது. பையன் கேட்டது சரிதான். இரண்டும் ஒரே சொல்!

வடமொழியில் 'கம்' என்றால் போதல். அதன் முன்னே 'ஆ' சேர்ந்தால் வருதல். ஆகவே ஆகமம் என்பதற்கு 'வந்தது' என்பதே முதற்பொருள். முன்னோரிடமிருந்து வழிவழியாய் வந்த அறிவும் ஆகமம் எனப்பட்டது. இந்திக்காரர்கள் இன்றும் ஒருவருடைய வருகையை 'ஆகமன்' என்றுதான் சொல்கிறார்கள்.

சைவர்களுக்கு மூல ஆகமங்கள் 28. காமிகம், காரணம் முதலிய பெயர்கள் கொண்டவை. கோயிலுக்கு நிலம் பார்ப்பதிலிருந்து சிலை வடிப்பது, குடமுழுக்கு, அன்றாடப் பூசை வரை முறை சொல்லுபவை. வைணவக் கோயில்களில் திருப்பதி வைகானச முறையிலும், திருவரங்கம் பாஞ்சராத்திர முறையிலும் நடக்கின்றன. சமணர்களும் தங்கள் புனித நூல்களை ஆகமம் என்கிறார்கள். பக்கத்து லயத்துக் கிறிஸ்துவர் வீட்டு வேதாகமத்தைத் திறந்து பாருங்கள்: ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று முதல் ஐந்து நூல்களின் பெயரிலும் இந்தச் சொல்லே உட்கார்ந்திருக்கும்.

நம் நாட்டுக்கு இது எப்படி வந்தது? பலேம்பாங் அருகே கிடைத்த, கி.பி. 682ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய மலாய்க் கல்வெட்டிலேயே வடசொற்கள் நிறைய இருக்கின்றன. அந்தக் காலத்துக் கடல் வாணிகமும் அரசவைகளும் கொண்டுவந்த செல்வம் அது. பாஷை 'பஹாசா' ஆயிற்று. உபவாசம் 'புவாசா' ஆயிற்று. நம் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி 'அஸ்ராமா', அதாவது ஆசிரமம்! கணவனுக்கு மலாயில் 'சுவாமி' என்று பெயர். (இதை நம் வீட்டுப் பெண்களிடம் சொன்னால் என்ன பதில் வருமோ, அது அவரவர் வீட்டுச் சமாசாரம்.)

ஆகமமும் அப்படி வந்து 'அகாமா' ஆனது. ஆனால் கோயில் நூல் என்ற பொருள் போய், சமயம் என்ற பரந்த பொருள் வந்துவிட்டது. சிங்களத்திலும் 'ஆகம' என்றால் சமயமே. நம் ஜொகூரில் முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் 'செக்கோலா அகாமா' பெயர்ப்பலகைகளைப் பார்க்காதவர் இல்லை. சிவாசாரியார் கையிலுள்ள பத்ததிக்கும் அந்தப் பலகைக்கும் சொல்லளவில் சொந்தம் உண்டு என்று யார் நினைப்பார்கள்?

இந்தோனேசியாவில் இந்தச் சொல் ஒரு வாசற்கதவாகவே ஆகிவிட்டது. அங்கே 1946இல் அகாமாவுக்கென்றே ஓர் அமைச்சு ஏற்பட்டது. வழிவழியாய்க் கும்பிட்டு வந்த பாலித் தீவு மக்கள், தங்களுடையது வெறும் ஊர் வழக்கமல்ல, அகாமாதான் என்று காட்டப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 1950களின் இறுதியில்தான் அரசு ஏற்றுக்கொண்டது. 1965இல் வந்த அதிபர் ஆணையில் ஆறு சமயங்களுள் இந்து சமயமும் இருந்தது. ஆனால் மலையிலும் காட்டிலும் சொந்தத் தெய்வங்களை வணங்கியவர்கள் வெளியே நின்றார்கள். தங்கள் நம்பிக்கையை அடையாள அட்டையில் குறிப்பிட அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2017இல்தான் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதைப் படித்தபோது எனக்கு நம் முனியாண்டி ஞாபகம் வந்தார்.

தோட்டத்தில் அவருக்குக் கூரைகூடக் கிடையாது. மரத்தடியில் ஒரு கல், ஒரு வீச்சரிவாள், சுருட்டு. பெரிய கிராணி முதல் புல்லு வெட்டுகிறவர் வரை அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வெளிக்காட்டுக்குப் போவார்கள். பூசை செய்தவரும் காலையில் மரம் வெட்டியவர்தான். தோட்டம் வீட்டு மனையானபோது மாரியம்மனும் முனியாண்டியும் தாமான் ஓரத்துக்கு வந்தார்கள். இப்போது ஆகம முறைப்படி கோயில் கட்டத் திட்டம். கர்ப்பக்கிருகம், விமானம், கொடிமரம் எல்லாம் உண்டு. மாரியம்மனுக்கு நடுநாயகமான இடம். ஆடும் சுருட்டும் கேட்கிற முனியாண்டியை என்ன செய்வது? அதுதான் கூட்டத்தில் சண்டை.

அழகாகக் கட்டவேண்டும் என்று இளைஞர்கள் ஆசைப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஜொகூர் பாருவில் 1922இல் எளிய கொட்டகையாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் கோயில், 2009இல் கண்ணாடிக் கோயிலாகத் திறக்கப்பட்டபோது பெருமைப்படாதவர் யார்? ஆனால் 'ஆகமத்தில் இல்லை' என்று ஒரே வார்த்தையில் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. ஊரையும் நிலத்தையும் காக்கும் க்ஷேத்திரபாலருக்கும் சப்த மாதருக்கும் ஆகமங்களே இடம் கொடுக்கின்றன. அதோடு, 'வந்தது' என்பதுதானே சொல்லின் பொருள்? கப்பலேறி வந்த நம் பாட்டன்மாரோடு கூடவே வந்தவர் முனியாண்டி.

வடமொழி இலக்கணத்தில் ஆகமம் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. சொல்லில் புதிதாய் வந்து சேரும் எழுத்துக்கு அந்தப் பெயர். இருக்கும் எழுத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வருவது ஆதேசம். ஆகமம் நண்பனைப்போல் பக்கத்தில் வந்து உட்காரும், ஆதேசம் பகைவனைப்போல் இருந்தவனைக் கிளப்பிவிட்டு உட்காரும் என்று இலக்கண ஆசிரியர்கள் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம்.

இதைப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். "அடுத்த கூட்டத்துல நீங்களே வந்து இதைச் சொல்லிடுங்க" என்றார். கூட்டம் தைப்பூசம் கழிந்து வைத்திருக்கிறார்களாம்.

பையன் பாரத்தில் 'இந்து' என்று எழுதி அன்றைக்கே கொடுத்துவிட்டான். முனியாண்டிக்குத்தான் இன்னும் இடம் முடிவாகவில்லை.