பால்மாப் பேணிக்குள் கிடக்கும் பழைய சதங்கள்: எதற்கு விலை உண்டு?

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது, அம்மம்மாவின் மூட்டைக்குள் ஒரு பால்மாப் பேணி இருந்தது. மாவாக்கும் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே முழுவதும் பழைய சதங்கள்.

"என்னத்துக்கு அம்மம்மா இந்தப் பாரம்?" என்று ஏசினேன்.

"உன்ர அம்மப்பா கடை வைச்சிருந்த காலத்துக் காசு பிள்ளை. கிடக்கட்டும்" என்றா.

அந்தப் பேணி எங்களோடு தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம் எங்களோடே திரும்பி வந்தது. அம்மம்மா இறந்தபின் அடுப்படித் தட்டில் கிடந்தது.

2010இல் பழைய இரும்பு வாங்குபவர்கள் லொறிகளில் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தார்கள். அப்போது நான் கணவரை இழந்து, மகளோடு தனித்து இருந்தேன். அவளுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கக் கையில் காசில்லை. உடைந்த பித்தளைக் குடத்தோடு அந்தப் பேணியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்தவர் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்துப் பித்தளை விலை தந்தார். சப்பாத்து வாங்க அது காணவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். செப்புச் சதங்களைச் சாக்குக்குள் கொட்டியவர், வெள்ளை நிறக் குற்றிகளை மட்டும் பொறுக்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டார்.

அது ஏன் என்று பின்னர்தான் விளங்கியது. நாணயம் சேர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு விளக்கமாகச் சொல்லித் தந்தார். நான் விட்ட பிழையை நீங்களும் விடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பழசு என்றால் விலை கூடுமா?

இல்லை. முதலில் இதை மனதில் வையுங்கள். எங்கள் நாட்டில் ரூபா, சதம் என்ற கணக்கு 1872இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கென அடித்த, விக்டோரியா மகாராணியின் தலையும் பனை இன மரமும் உள்ள செப்புக் காசுகளில் 1870 என்று இருக்கும். நூற்றைம்பது வருடப் பழசு என்றாலும், தேய்ந்துபோன செப்புச் சதத்துக்குப் பெரிய விலை கிடையாது. அந்தக் காசுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன.

எலிசபெத் மகாராணியின் தலையுள்ள இலங்கைக் காசு இரண்டு சதம் மட்டுமே. 1955, 1957 ஆகிய ஆண்டுகளைக் கொண்டது. கேட்க அருமையாக இருந்தாலும் அதுவும் நிறையவே அடிக்கப்பட்டது.

காசுக்கு விலையைத் தருவது மூன்று விடயங்கள்: உலோகம், எத்தனை அடிக்கப்பட்டன என்பது, எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பது. பிரித்தானியாவின் 1933ஆம் ஆண்டுப் பென்னி பெரும் விலை போவதற்குக் காரணம் அதன் வயதல்ல. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே அடிக்கப்பட்டன.

வெள்ளியை எப்படி அறிவது?

எங்கள் வீடுகளில் கிடைக்கக்கூடிய பெறுமதியான காசு வெள்ளிக் காசுதான். ஆண்டைப் பார்த்தே இதை அறியலாம்.

1892 முதல் அடித்த 10, 25, 50 சதங்கள் வெள்ளி. அவற்றில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி உண்டு. 1919 முதல் அதை 55 பங்காகக் குறைத்தார்கள். கடைசி வெள்ளி ஐம்பது சதம் 1942ஆம் ஆண்டுக்குரியது. 1943 என்று இருந்தால் அது மஞ்சள் நிறமான நிக்கல் கலந்த பித்தளை. ஓர் ஆண்டு வித்தியாசம்தான், பெறுமதியோ வேறு.

1957இல் புத்த ஜயந்திக்காக வெளியிட்ட ஐந்து ரூபாக் குற்றியும் வெள்ளி. நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி கொண்டது. நிறை 28.28 கிராம், அதாவது மூன்றரைப் பவுணுக்குச் சற்றுக் கூட. ஆனால் அதே ஆண்டு வந்த ஒரு ரூபாக் குற்றி வெள்ளி அல்ல.

வெள்ளை நிறமெல்லாம் வெள்ளி என்று ஏமாறவும் வேண்டாம். 1909இல் வந்த வெள்ளை நிறச் சதுர ஐந்து சதம் செம்பும் நிக்கலும் கலந்தது. 1963இல் வந்த 25 சதம், 50 சதம், ஒரு ரூபா ஆகியவையும் அப்படியே.

கணக்குப் பார்ப்பது இப்படி. வெள்ளி ஐம்பது சதம் ஒன்றின் நிறை 5.83 கிராம். 1921ஆம் ஆண்டுக்குரிய பத்துக் குற்றிகள் இருந்தால் 58.3 கிராம். அதில் 55 பங்கு, ஏறக்குறைய 32 கிராம், சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையை நகைக்கடையில் கேட்டு 32ஆல் பெருக்குங்கள். உருக்கி எடுப்பவர் சிறிது குறைத்துத்தான் தருவார். ஆனாலும் பித்தளை விலைக்குக் கொடுக்கத் தேவையில்லை. தேயாத குற்றி என்றால் நாணயம் சேர்ப்பவர் வெள்ளி விலையைவிடக் கூடவும் தரலாம்.

செய்யக்கூடாதவை

புளி போட்டோ சாம்பல் போட்டோ மினுக்காதீர்கள். மேற்பரப்பு உரசுப்பட்டால் சேர்ப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். மென்மையான பிளாஸ்ரிக் உறைக்குள்ளும் வைக்கவேண்டாம், காலப்போக்கில் பச்சை பிடிக்கும். கடதாசி உறையே நல்லது.

ஒருவர் சொன்ன விலைக்கு உடனே கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். காசின் வகை, ஆண்டு, எண்ணிக்கை ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வையுங்கள். "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கேட்பவரிடம் விட்டுவிட்டு வரவேண்டாம்.

"உங்கள் பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுப் பணம் அனுப்புங்கள்" என்று தொலைபேசியில் சொன்னால் அது ஏமாற்று. இந்தியாவில் இப்படி நடந்ததால் அந்நாட்டு ரிசர்வ் வங்கியே 2021இல் மக்களை எச்சரித்தது. காசு வாங்க வருபவர் உங்களிடம் காசு கேட்கமாட்டார்.

கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் கிண்டும்போதோ நந்தியும் "சேது" என்ற எழுத்தும் உள்ள காசு கிடைக்கலாம். அது யாழ்ப்பாண அரசர் காலத்துக்குரியது. மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் தொல்பொருள் 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குரியது. விற்காமல் கிராம சேவையாளர் மூலம் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவை எங்கள் சரித்திரத்தின் சாட்சிகளும் கூட.

அன்று இவை தெரிந்திருந்தால் நான் பணக்காரி ஆகியிருப்பேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சோடிச் சப்பாத்து வாங்கியிருப்பேன். அம்மம்மா சுமந்து வந்ததில் கொஞ்சத்தையாவது விற்காமல் வைத்திருப்பேன்.

மகள் கெந்தி விளையாட எடுத்துவைத்த 1926ஆம் ஆண்டு ஐம்பது சதம் ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. அதை நான் விற்கப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பேணியோ சுருக்குப்பையோ கிடந்தால், இன்று இரவே வெளிச்சத்தில் கொட்டி, ஒவ்வொன்றின் ஆண்டையும் வாசித்துப் பாருங்கள். விற்பதா வைத்திருப்பதா என்பதை அதன்பிறகு நீங்களே முடிவெடுங்கள்.