சந்தைக்கு வழி காட்டுங்கள்!

 

பெரணமல்லூர், ஆரணி வட்டாரத்துப் பட்டுத் தறிகளின் ஓசையோடு பொழுது விடியும் ஊர். தறியில் ஒரு பாவு நெய்து முடியும் தறுவாயில் நெசவாளர் என்ன செய்கிறார் என்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பழைய பாவை முற்றிலும் அகற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதில்லை. பழைய பாவின் எஞ்சிய நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! அந்த வேலைக்குப் பழகிய கைகள் வேறு. அவர்களை அழைத்துவந்து பொறுமையாக அமர்ந்து செய்தால்தான் தறி மீண்டும் ஓடும்.

நாற்பது வயதைக் கடந்தபின் ஒரு தொழிலைப் புதிதாகத் தொடங்கும் மனிதரும் ஏறத்தாழ இந்த நிலையில்தான் இருக்கிறார். இதை எனக்கு உணர்த்தியவர், எங்கள் மத்ரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தகப்பனார்.

நான் சொன்ன வெறும் வார்த்தை

அவருக்கு அப்போது வயது நாற்பத்தேழு. இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளியூரில் தோல் வெட்டியும் தைத்தும் பிழைத்தவர். வேலை பார்த்த இடம் மூடப்பட்டதும் ஊர் திரும்பினார். சில மாதங்கள் திண்ணையிலேயே கழிந்தன. மனைவியின் நகை ஒவ்வொன்றாக அடகுக்குப் போயிற்று. ஒருநாள் இஷா தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் படியில் என்னை நிறுத்தி, "ஹஜ்ரத், பை, செருப்பு தைத்துக் கொடுக்கும் சிறு கடை ஒன்று போடலாம் என்று நினைக்கிறேன். இந்த வயதில் தொடங்கினால் ஊர் சிரிக்காதா?" என்று கேட்டார்.

"சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் பாய். அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துத் தொடங்குங்கள்" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்ட மனநிறைவோடு வீடு சென்று உறங்கினேன்.

மூன்று வாரம் கழித்து அவரே மீண்டும் வந்தார். தலை குனிந்திருந்தது. "தையல் இயந்திரம் வாங்க வட்டிக்குத்தான் பணம் கிடைக்கிறது ஹஜ்ரத். அது ஹராம் என்று தெரியும். வேறு வழியிருந்தால் சொல்லுங்கள்" என்றார்.

வட்டியின் தீமை பற்றி ஒரு மணி நேரம் பேச என்னால் முடியும். ஆனால் அவர் கேட்டது பேச்சை அல்ல, வழியை. அன்று என்னிடம் வழி இல்லை. நான் வெட்கப்பட்ட இரவுகளில் அதுவும் ஒன்று.

நாம் மறந்த பாதி

நாம் அனைவரும் அறிந்த நிகழ்ச்சிதான். கி.பி. 622ல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த முஹாஜிர்களுள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் ஒருவர். யானை ஆண்டிற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் பிறந்தவர் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவதால், அப்போது அவர்கள் நாற்பதைக் கடந்துவிட்டார்கள். மக்காவில் வணிகராக இருந்தவர் அனைத்தையும் விட்டுவிட்டு வந்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை மதீனாவாசியான சஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள். தம் செல்வத்தில் சரிபாதியைத் தர சஅத் (ரலி) முன்வந்தார்கள். வந்தவரோ அவருக்காக துஆச் செய்து, அதை ஏற்காமல், சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். கைனுகா சந்தைக்கு வழி காட்டப்பட்டது. பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொழில் தொடங்கினார்கள். சில காலத்திற்குள் தம் சொந்த உழைப்பில் மணமுடித்தார்கள். ஓர் ஆட்டை அறுத்தேனும் வலீமா விருந்து கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

இந்த வரலாற்றை நாம் எப்படிச் சொல்கிறோம்? "பார்த்தீர்களா, கையேந்தவில்லை, உழைத்து முன்னேறினார்" என்று, வேலையிழந்து நிற்பவரிடம் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. மறுபாதி சஅத் (ரலி) அவர்கள். பாதிச் செல்வத்தை நீட்டிய ஒரு கை அங்கே இருந்தது. வேண்டாமென மறுக்கும் கண்ணியம் மற்றவருக்குக் கிடைத்தது அதனால்தான். வழி கேட்டபோது வழியைக் காட்டினார்கள். தொழில் தழைத்தபோது விருந்துண்டு மகிழ ஒரு சமுதாயமே இருந்தது. அப்துர் ரஹ்மான்களைத் தேடும் நாம், சஅத்களாக இருக்கிறோமா? உஹதுப் போரில் ஷஹீதான அந்தத் தோழரின் பெயர்கூட நம்மில் பலருக்கு நினைவில் இல்லை.

மதுரையில் ஒரு முதியவர்

நமது தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. எட்டயபுரம் அருகிலுள்ள வடமலாபுரத்தில் 1918ல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. இளமையிலேயே முடக்குவாதம் தாக்கி அவருடைய கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கண் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகினார். 1976ல், ஐம்பத்தெட்டாம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பலரும் ஈஸிச்சேரைத் தேடும் வயது அது! அவர் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க இயன்றவரிடம் பெறும் வருவாயால் இயலாதவர்க்கு இலவசச் சிகிச்சை என்பதே அதன் அடிப்படை. லட்சக்கணக்கானோர் பார்வை பெற்றனர். 2006ல் அவர் மறைந்த பிறகும் அந்நிறுவனம் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

அவரும் தனியாகத் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உடன்பிறந்தோரும் அவர்தம் வாழ்க்கைத் துணைகளும் தோளோடு தோள் நின்றனர். அவர் தொடங்கியது கடந்த வாழ்வுக்குத் தொடர்பில்லாத புதுமையும் அன்று. வாழ்நாளெல்லாம் கற்ற கலையின் நுனியில் இணைத்த புதிய பாவுதான் அது.

பள்ளிவாசலிலிருந்து ஒரு கடன்

அண்டை நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு. லாகூரில் 2001ஆம் ஆண்டு டாக்டர் அம்ஜத் ஸாகிப் என்பவர் 'அகுவத்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் இணைத்த அந்தச் சகோதரத்துவத்தின் நினைவாகவே அப்பெயர். ஒரு கைம்பெண்ணுக்கு வட்டியின்றிக் கொடுத்த பத்தாயிரம் ரூபாயே முதல் கடன். பள்ளிவாசல் போன்ற வணக்கத்தலங்களிலேயே கடன் வழங்கினார்கள். கடன் பெறுவோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். பிற சமயத்தவரும் பெற்றனர். பெற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் திருப்பிச் செலுத்தினர். 2021ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஏழையின் நாணயத்தை நம்பலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எங்கள் ஊரில் நடந்தது

மறு வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு நான்கைந்து பேரிடம் பேசினேன். பெருந்தனவந்தர் எவரும் அதில் இல்லை. ஆளுக்குச் சிறு தொகை போட்டு, பழைய தோல் தையல் இயந்திரம் ஒன்றை வாங்க அழகிய கடனாகக் கொடுத்தோம். ஒருவர் தம் வீட்டின் முன்னறையை ஆறு மாதத்திற்கு வாடகையின்றி ஒதுக்கினார். மத்ரஸாப் பிள்ளைகளின் கிழிந்த பைகளே முதல் வேலையாயின. அடுத்து, தறிக்காரர் வீடுகளிலிருந்தும் செருப்பும் பையும் வரத் தொடங்கின.

அவர் இன்று செல்வந்தரா? இல்லை. சில மாதங்களில் தவணை தவறியதும் உண்டு. கடனாளி சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது திருமறை (2:280). கொடுத்தோம். அடகில் இருந்த நகைகளுள் ஒரு ஜோடிக் கம்மல் வீடு திரும்பியிருக்கிறது. தொழுகைக்கு வரும்போது இப்போது அவர் முன் வரிசையில் நிற்கிறார். முன்பெல்லாம் கடைசி வரிசையில் நின்று, முதல் ஆளாக வெளியேறிவிடுவார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

தொழில் தொடங்க நினைக்கும் சகோதரரே, சகோதரியே! உங்களுக்குத் தெரிந்த வேலையிலிருந்தே தொடங்குங்கள். சிறிதாகத் தொடங்க வெட்கப்படாதீர்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோலைப் பதனிட்டுத் தைத்து, அதன் வருவாயைத் தர்மம் செய்தார்கள். கைத்தொழில் இழிவென்றால் நபிகளாரின் இல்லத்தில் அது இருந்திருக்குமா?

மஹல்லாவின் பொறுப்பாளர்களே! உங்கள் தெருவில் திண்ணையில் அமர்ந்திருப்பவர் யார் என்று விசாரியுங்கள். பைத்துல்மாலில் ஒரு பகுதியைத் தொழில் கடனுக்கென ஒதுக்குங்கள். திருமறை கட்டளையிட்டபடி (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வையுங்கள். எழுதி வைப்பது அவநம்பிக்கை ஆகாது. நட்பைக் காக்கும் வேலி அது.

இவை எதற்கும் வசதியில்லாதவரா நீங்கள்? பக்கத்துத் தெருவில் புதிதாகக் கடை திறந்தவரிடம் ஒரு பொருளையாவது வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுத்து வாங்குங்கள்! புதுக்கடைக்காரரை முதலில் முறிப்பது போட்டியல்ல. உறவினரும் நண்பரும் வாங்கிச் செல்லும் கடன்தான்.

நம்பிக்கையை வாயால் மட்டும் ஊட்டிவிட முடியாது என்பதை ஒரு தோல் தொழிலாளியிடம் நான் பாடம் கற்றேன். தவக்குல் வைக்கச் சொல்பவர், உடன் நடந்து சந்தைக்கு வழியும் காட்ட வேண்டும். நம் அனைவரையும் அத்தகைய சஅத்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.