பதக்கத்துக்கு ஒரு வீடு!

குட்டீஸ், உங்கள் வீட்டிலோ, பக்கத்துத் தெருவிலோ 'பட்டாளத்துத் தாத்தா' யாராவது இருக்கிறாரா? அவருடைய பழைய தகரப் பெட்டியை எப்போதாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? மடித்து வைத்த சீருடை, தொப்பியில் குத்தும் சின்னம், கலர் கலரான நாடாவில் தொங்கும் பதக்கங்கள், ஓரம் மடிந்த கறுப்பு வெள்ளைப் படம்... ஒவ்வொன்றும் ஒரு கதை வைத்திருக்கும்.

ஆனால் அந்தப் பெட்டி கடலோர ஊரில் இருந்தால் அதற்கு ஓர் ஆபத்து உண்டு. அது என்ன, அதிலிருந்து தாத்தாவின் பொக்கிஷத்தை எப்படிக் காப்பாற்றலாம், அழகான கண்ணாடிப் பெட்டியில் எப்படி மாட்டி வைக்கலாம் என்று இந்த வாரம் பார்ப்போமா?

உப்புக் காற்றின் வேலை

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்புநீர் ஏரி இதுதான். தமிழ்நாடு, ஆந்திரா இரண்டு மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில்தான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா தீவு.

ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். நடுவில் மீனவர் குப்பங்கள். அங்கே சைக்கிள் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஜன்னல் கம்பி செதில் செதிலாக உதிரும். காரணம், காற்றில் கலந்து வரும் உப்பு.

உங்கள் அம்மா உப்பு ஜாடியில் நாலு அரிசியைப் போட்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நீர்த்துப் போகும். அந்த ஈரத்தை அரிசி வாங்கிக் கொள்ளும் என்பதற்காகத்தான். இதே உப்பு, தூசியாக வந்து பதக்கத்தின் மேல் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அங்கேயும் ஈரத்தை இழுக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்க ஆரம்பித்துவிடும்.

பதக்கங்கள் பெரும்பாலும் செம்பு கலந்த உலோகத்தில் செய்யப்படுகின்றன. செம்பை உப்பு தாக்கினால் வெளிர் பச்சை நிறத்தில் மாவு போலப் பூக்கும். இதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர்! கவனிக்காமல் விட்டால் பொட்டுப் பொட்டாகப் பரவி உலோகத்தைத் தின்றுவிடும். இந்த நோய் பிடித்த பழைய வெண்கலச் சிலைகளுக்கு வைத்தியம் பார்ப்பதற்காகவே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். சிலைகளுக்கு ஆஸ்பத்திரி!

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

பதக்கம் கறுத்துவிட்டது, குடியரசு தினம் வருகிறது. உடனே நம் வீடுகளில் என்ன செய்வோம்? குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்ப்போம். பளபள என்று ஆகிவிடும். ஆனால் அதுதான் பெரிய தப்பு.

புளியில் இருப்பது அமிலம். சாம்பல் உப்புத்தாள் போல உரசும். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் மெல்லிய ஒரு படலம் உலோகம் கரைந்து போகிறது. குத்துவிளக்கு கனமானது, தாங்கும். பதக்கம் தாங்குமா?

பெரியவர்களிடம் கேட்டுப் பதக்கத்தின் விளிம்பை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பல பதக்கங்களில் அங்கே பொடி எழுத்தில் வீரரின் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். நட்சத்திர வடிவப் பதக்கமாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள். ஒரே மாதிரிப் பதக்கம் ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்திருப்பார்கள். இது உங்கள் தாத்தாவுடையது என்று சொல்வது அந்தச் சின்ன எழுத்துதான். தேய்த்துத் தேய்த்து அதை அழித்துவிட்டால் மீண்டும் வராது.

பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழவேற்காட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 400 ஆண்டுகளுக்கு முன்னால் டச்சுக்காரர்கள் இங்கே 'கெல்ட்ரியா' என்ற கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. கல்லில் ஆழமாக வெட்டிய பெயர்களும் ஆண்டுகளும் இருப்பதால்தான், அங்கே உறங்குகிறவர்கள் யார் என்று இன்றைக்கும் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது.

அப்படியானால் பதக்கத்தை எப்படிச் சுத்தம் செய்வது? கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் கொள்ளுங்கள். விரல் வியர்வையிலும் உப்பு உண்டு! விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். ஓவியம் வரைகிற மெல்லிய, காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அவ்வளவுதான். கறுப்பு அப்படியே இருக்கட்டும். அது வயதின் அடையாளம். பச்சையாகப் பூத்திருந்தால் மட்டும் தொடாமல் பெரியவர்களிடம் காட்டுங்கள்.

கோட்டையில் ஒரு கொடி

துணியைக் கடலோரத்தில் காப்பாற்ற முடியுமா? முடியும் என்று காட்டுகிறது சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் அந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை அங்கே வைத்திருக்கிறார்கள். சுத்தப் பட்டு. 12 அடி நீளம், 8 அடி அகலம். 2013 குடியரசு தினத்திலிருந்து மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

கோட்டைக்கு எதிரே கடல். அதே உப்புக் காற்று. கொடியை எப்படிக் காக்கிறார்கள் தெரியுமா? காற்றுப் புகாத மரச் சட்டம், மேலே கண்ணாடி. உள்ளே கிண்ணங்களில் 'சிலிக்கா ஜெல்'. புது ஷூ டப்பாவில் சின்னப் பொட்டலமாக வருமே, அதுதான். அரிசி செய்கிற வேலையை இது இன்னும் நன்றாகச் செய்யும். வெளிச்சத்தையும் அளவோடுதான் விடுகிறார்கள்.

இதிலிருந்து மூன்று பாடம் கற்றுக்கொள்ளலாம். உப்புக் காற்று நுழையக் கூடாது. ஈரம் தங்கக் கூடாது. வெயில் படக் கூடாது. தாத்தாவின் பதக்கப் பெட்டிக்கும் இதே மூன்றுதான் விதி.

பெட்டி செய்யலாம் வாங்க!

சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் கடை உங்கள் ஊரிலோ, பொன்னேரி போன்ற பக்கத்து ஊரிலோ இருக்கும். சாதாரண பிரேம் போதாது. பதக்கம் கனமாக இருக்கும். கண்ணாடி அதை நசுக்கும். ஆகவே ஒன்றரை அங்குல ஆழம் உள்ள 'பாக்ஸ் பிரேம்' வேண்டும் என்று அப்பாவையோ அம்மாவையோ கேட்கச் சொல்லுங்கள். மரத்துக்கு வார்னிஷ் அடித்திருந்தால் வாசனை முழுவதும் போகும்வரை சில வாரம் காயவிடுங்கள். அந்த ஆவியும் உலோகத்தைக் கறுக்கச் செய்யும்.

1. பின்னணிக்கு வெள்ளைக் காடாத் துணி எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டு முறை அலசி, கஞ்சி போடாமல் காயவைத்து, அட்டைமேல் இழுத்துத் தையுங்கள். சாயத்துணி வேண்டாம்; ஈரம் பட்டால் சாயம் நாடாவில் ஏறும். கம்பளியும் வேண்டாம், அது வெள்ளிப் பதக்கத்தைக் கறுக்க வைக்கும்.

2. அட்டை, அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். பெரிய எழுதுபொருள் கடைகளில் ஓவியர்களுக்காக விற்கிறார்கள். பழைய நியூஸ் பேப்பரைப் பின்னால் வைக்காதீர்கள். அது மஞ்சளாவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதிலுள்ள அமிலம் துணிக்கும் தாவும்.

3. பசை, செலோடேப், குண்டூசி மூன்றும் கூடாது. பசை பிடித்தால் விடாது. குண்டூசி துருப்பிடித்து நாடாவில் கறை ஏற்றும். வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். குப்பத்துப் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை. வலை பழுது பார்க்கிற அண்ணன்களைக் கேட்டால் நழுவாத முடிச்சு சொல்லித் தருவார்கள். வேண்டும்போது நூலை வெட்டிப் பதக்கத்தை எடுத்துத் தாத்தா சட்டையில் குத்திக்கொள்ள முடிய வேண்டும். அதுதான் சரியான வேலை.

4. பதக்கங்களுக்கு வரிசை உண்டு. இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். உயர்ந்த பதக்கம் அணிபவரின் நெஞ்சு நடுப்பக்கம் வரும். எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது இடது ஓரம். நாடா நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடவும் கூடாது.

5. பெட்டியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சின்னத் தம்பி, தங்கைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

6. பின்பலகையை ஆணி அடித்து மூடாமல், துருப்பிடிக்காத திருகு போட்டு மூடச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும் திறந்து பார்த்து, பொட்டலத்தை மாற்ற வேண்டும்.

இன்னொன்று. பாச்சை உருண்டை, வேப்பிலை இரண்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் போடாதீர்கள். உருண்டையின் ஆவியும் இலையின் சாறும் கறையாக்கும்.

எங்கே மாட்டுவது?

வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். நாடாவின் நிறம் ஒருமுறை வெளுத்தால் வெளுத்ததுதான். அடுப்புப் புகை வரும் இடமும் வேண்டாம். மழையில் நனையும் வெளிச்சுவரை விட, வீட்டின் நடுச்சுவரே நல்லது.

இந்தக் கரைக்கு இன்னொரு பயமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் குப்பங்களையும் தாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அதனால் பெட்டியைச் சுவரோடு சுவராகப் பதித்துவிடக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால், ரேஷன் கார்டு பையோடு இதையும் கழற்றி எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போக முடிய வேண்டும். எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

எதை வைக்கக் கூடாது?

படையிலிருந்து வரும்போது கொடுத்த 'டிஸ்சார்ஜ் புக்' உள்ளே போகக் கூடாது. பென்ஷன் விஷயமாகவும், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் அதைக் கேட்பார்கள். அதன் ஜெராக்ஸை மட்டும் பெட்டியில் வையுங்கள். பழைய போட்டோவுக்கும் அப்படியே. அசலை உறையில் போட்டு பத்திரப்படுத்துங்கள்.

பெட்டியில் தோட்டாவோ, குண்டோ இருந்தால் தொடவே தொடாதீர்கள்! உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் போலீசுக்குத் தகவல் கொடுப்பார்கள்.

கடைசியாக ஒன்று, அதுதான் முதலாவது!

பதக்கத்தின் பெயர் தெரிந்தால் வரலாறு தெரியும். 1971 போரில் கிழக்கு எல்லையில் பணிபுரிந்தவர்களுக்கு 'பூர்வி ஸ்டார்'. மேற்கு எல்லையில் இருந்தவர்களுக்கு 'பஸ்சிமி ஸ்டார்'. தொப்பிச் சின்னத்தில் யானை இருந்தால், 1758-ல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமெண்ட்டாக இருக்கலாம்.

ஆனால் பதக்கம் சொல்லாதவை நிறைய. அன்று இரவு என்ன சாப்பிட்டார்? யாரோடு காவல் நின்றார்? வீட்டுக்கு எழுதிய கடிதம் எத்தனை நாளில் வந்தது? கடலையே பார்த்து வளர்ந்தவருக்குப் பனிமலை எப்படி இருந்தது? இதெல்லாம் தாத்தாவுக்கு மட்டும்தான் தெரியும். 1971 போரில் இருந்தவர்களில் மிக இளையவருக்கே இன்று வயது 70-ஐத் தாண்டிவிட்டது. சிலிக்கா ஜெல் உலோகத்தைக் காப்பாற்றும். கதையைக் காப்பாற்ற நீங்கள்தான் வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். "தாத்தா, இது எப்போ கொடுத்தாங்க?" என்று ஒவ்வொரு பொருளாகக் கேளுங்கள். சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்காதீர்கள். சில நினைவுகள் வலிக்கும். எந்தப் பொருளை எல்லோரும் பார்க்க வைக்கலாம், எதைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம் என்று அவரே சொல்லட்டும். பாட்டியையும் கேளுங்கள். அவர் வழிபார்த்துக் காத்திருந்த நாட்களும் அந்தக் கதைதானே!

பிறகு ஓர் அட்டையில் பெயர், படைப்பிரிவு, பணியாற்றிய ஆண்டுகள், ஊர், ஒவ்வொரு பதக்கமும் எதற்காக என்பதை உங்கள் கையெழுத்தில் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கசியும், பென்சில் கசியாது. அதைப் பெட்டியின் அடியில் வையுங்கள்.

நாளைக்கு உங்கள் பிள்ளைகள் அந்தப் பெட்டிமுன் நின்று "இவர் யார்?" என்று கேட்கும்போது, பதில் அங்கேயே இருக்கும்.

என்ன குட்டீஸ், இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலும் தயாரா?