ஆங்கிலக் கடிதத்தில் முற்றுப்புள்ளி: வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

வெளி மாநில மில்களுக்கும், கம்பெனிகளுக்கும், வங்கிக்கும் நாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. தபாலின் இடத்தை இன்று இ-மெயிலும் வாட்ஸ்அப்பும் பிடித்துக்கொண்டன. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில், இடையில் ஒரு புள்ளிகூட வைக்காமல் எழுதிவிடுகிறோம். இதனால் வரும் நஷ்டம் சிறியதல்ல.

ஓர் உதாரணம் பார்ப்போம். துவரம் பருப்பு மில்லுக்கு ஒரு கடைக்காரர் 50 மூட்டைக்கு ஆர்டர் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 30 மூட்டை வந்தது. அதில் 6 மூட்டை நனைந்திருந்தது. அவர் இப்படி எழுதுகிறார்:

"வீ ரிசீவ்டு 30 பேக்ஸ் டோன்ட் சென்ட் தி பேலன்ஸ் 20 பேக்ஸ் டில் மன்த் எண்ட் வீ வில் நாட் பே தி பில் 6 பேக்ஸ் ஆர் வெட்."

அவர் சொல்ல நினைத்தது: "மீதி 20 மூட்டையை அனுப்ப வேண்டாம். மாதக் கடைசி வரை பணம் தர இயலாது." மில்காரர் படித்தது: "மீதி 20 மூட்டையை மாதக் கடைசி வரை அனுப்ப வேண்டாம். பில் பணம் தர மாட்டோம்." 'டில் மன்த் எண்ட்' என்பது முன்னால் உள்ளதோடு சேருமா, பின்னால் உள்ளதோடு சேருமா என்று காட்டப் புள்ளி இல்லை. மறு மாதம் 1ஆம் தேதி 20 மூட்டை லாரியில் வந்து நிற்கும். பணம் தர மறுத்தவர் என்ற பெயரும் வரும். போகவர லாரி வாடகை யார் தலையில்?

ஏன் இப்படி எழுதுகிறோம்?

நம் தமிழின் அமைப்பே காரணம். "சரக்கு வந்து, எண்ணிப் பார்த்து, நனைந்த மூட்டையை ஒதுக்கி, மீதியை இறக்கிக்கொண்டோம்" என்று எழுதினால் தமிழில் பிழையே இல்லை. வந்து, பார்த்து, ஒதுக்கி என்பவை எச்சங்கள். முற்று ஒன்றுதான், அது கடைசியில் வருகிறது. பழைய கிரயப் பத்திரங்கள் பக்கம் பக்கமாக ஒரே வாக்கியமாக ஓடுவது இந்த வசதியால்தான்.

அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் பெரும்பாலும் ஒவ்வொரு பகுதிக்கும் தனி எழுவாயும் தனி முற்றுவினையும் போட்டுவிடுகிறோம். அப்போது ஒவ்வொன்றும் தனி வாக்கியம். அவற்றைத் தக்க குறியோ இணைப்புச் சொல்லோ இல்லாமல் ஒட்டிவிடுவதைத்தான் 'ரன்-ஆன் சென்டென்ஸ்' என்கிறார்கள். வாக்கியம் நீளமாக இருப்பது குற்றமல்ல. ஒட்டு சரியில்லாததுதான் குற்றம். வெறும் கமாவை மட்டும் நடுவில் போட்டாலும் பிழை தீராது.

சரிசெய்ய மூன்று வழிகள்

ஒன்று, முற்றுப்புள்ளி. "தி கூட்ஸ் கேம். டூ பேக்ஸ் ஆர் டோர்ன்." நமக்கு மிகப் பாதுகாப்பான வழி இதுவே. இரண்டு வாக்கியங்களும் நெருங்கிய தொடர்புடையவை என்றால் செமிகோலன் போடலாம்.

இரண்டு, கமாவோடு ஓர் இணைப்புச் சொல். 'ஆண்ட்', 'பட்', 'சோ' போன்றவை இதற்கு உதவும். "தி கூட்ஸ் கேம், பட் டூ பேக்ஸ் ஆர் டோர்ன்." ஆனால் 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' ஆகியவற்றுக்கு இந்த வலிமை இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அவை வந்தால், முன்னால் முற்றுப்புள்ளியோ செமிகோலனோ வேண்டும்.

மூன்று, காரணத்தையோ நிபந்தனையையோ காட்டும் சொல். 'பிகாஸ்', 'இஃப்', 'வென்' போன்றவை ஒரு வாக்கியத்தை மற்றொன்றுக்குத் துணையாக்கிவிடும். "வீ ரிட்டர்ண்டு டூ பேக்ஸ் பிகாஸ் தே வேர் டோர்ன்."

சட்டமும் இதில் உண்டு

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 42ஆவது பிரிவின்படி, வந்த சரக்கை வேண்டாம் என்று நியாயமான காலத்துக்குள் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால், ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆகவே 'நிராகரிக்கிறோம்' என்ற சொல் தெளிவாகத் தனித்து நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துச் சட்டம் ஒன்றில் ஒரே ஒரு கமா இல்லாததால் பொருள் இரண்டுபட்டது. ஓவர்டைம் சம்பளம் கேட்ட ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன டிரைவர்களுக்குச் சாதகமாக 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஒரு கமாவின் விலை அது!

இப்படி எழுதலாம்

என்ன வந்தது, என்ன குறை, நாம் என்ன செய்கிறோம், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். மேலே சொன்ன கடிதம் இப்படி மாறும்:

1. வீ ரிசீவ்டு 30 பேக்ஸ்.
2. சிக்ஸ் பேக்ஸ் ஆர் வெட், சோ வீ ரிஜெக்ட் தெம்.
3. வீ வில் பே ஃபார் 24 பேக்ஸ் அட் மன்த் எண்ட்.
4. ப்ளீஸ் கேன்சல் தி பேலன்ஸ் 20 பேக்ஸ்.

இதில் பெரிய இங்கிலீஷ் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு அர்த்தத்துக்கு இடமும் இல்லை. அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். தராசில் முள் நேராக நிற்கிறதா என்று பார்த்துத்தானே பொட்டலம் கட்டுகிறோம்? கடிதத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும்.