ஆசிரியர்-மாணவர் கூட்டாண்மை

ஆசிரியர்-மாணவர் கூட்டாண்மை என்பது உயர்கல்வி நிறுவனங்களில் ஆசிரியர்களும் பிற பணியாளர்களும் மாணவர்களும் கற்பித்தல், ஆய்வு, பாடத்திட்டம், நிருவாகம் ஆகியவற்றில் பொறுப்பைப் பகிர்ந்து இணைந்து செயற்படும் முறை ஆகும். மாணவரைக் கல்வியின் நுகர்வோராக மட்டும் கருதாமல், அதனை உருவாக்குவோருள் ஒருவராகக் கருதுவது இதன் அடிப்படை ஆகும். அனைவரும் ஒரே பணியைச் செய்ய வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. பங்களிப்பு வேறுபடலாம், ஆனால் அவரவர் பங்களிப்புக்கு உரிய மதிப்பும் முடிவில் அதற்குரிய இடமும் இருத்தல் வேண்டும்.

வரலாறு

1088 ஆம் ஆண்டில் தோன்றியதாக மரபாகக் கொள்ளப்படும் இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகத்தில் மாணவர் குழுமங்களே ஆசிரியர்களை அமர்த்தி ஊதியம் வழங்கின. காலம் தாழ்த்தி வந்த ஆசிரியர்களுக்குத் தண்டமும் விதிக்கப்பட்டது. 1810 இல் வில்லெம் வான் அம்போல்ட்டின் முயற்சியால் தோன்றிய பெர்லின் பல்கலைக்கழகம், ஆசிரியரும் மாணவரும் இருவருமே அறிவைத் தேடுவோர் என்ற கருத்தை முன்வைத்தது. 1969 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், இளநிலை மாணவர்கள் ஆசிரியர்களுடன் இணைந்து ஆய்வு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது.

தமிழ் மரபிலும் இதற்கு நெருங்கிய கருத்து காணப்படுகிறது. 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர், மாணவர் ஆகிய இருவருடைய இயல்புகளையும் வகுத்துக் கூறுகிறது. ஆசிரியரிடம் கேட்டு ஒருவர் பெறுவது கல்வியில் கால் பங்கே. உடன் பயில்வோருடன் கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறைவடையும் என்பது அதன் கருத்து. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் ஈரோடு மாவட்டம் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் எனக் கருதப்படுகிறது.

வகைகள்

2014 இல் பிரித்தானியாவில் மிக் ஹீலி, அபி பிளின்ட், கேத்தி ஹாரிங்டன் ஆகியோர் வெளியிட்ட அறிக்கை இக்கூட்டாண்மையை நான்கு களங்களாகப் பிரிக்கிறது.

* கற்றல், கற்பித்தல், மதிப்பீடு
* துறைசார் ஆய்வு
* கற்பித்தல் முறைகளைப் பற்றிய ஆய்வு
* பாடத்திட்ட உருவாக்கமும் கற்பித்தல் ஆலோசனையும்

பங்கேற்பின் அளவைக் கொண்டும் இதனை வகைப்படுத்தலாம். முடிவை மாணவருக்கு அறிவித்தல், கருத்துக் கேட்டல், குழுவில் இடமளித்தல், முடிவைச் சேர்ந்தே எடுத்தல் என இது படிப்படியாக உயர்கிறது. பருவ இறுதியில் நிரப்பப்படும் கருத்துப் படிவம் இரண்டாம் படியைச் சார்ந்தது. நான்காம் படியையே முழுமையான கூட்டாண்மை எனலாம்.

கொங்கு நாட்டில்

வேளாண் கல்வி

1868 இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906 இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. இதுவே பின்னர் வளர்ந்து 1971 இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. இங்கு 1911 இல் அமைந்த மதராஸ் வேளாண் மாணவர் சங்கம் 1913 முதல் ஆய்விதழ் ஒன்றை வெளியிட்டு வருகிறது. மதராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல் என்னும் இவ்விதழில் ஆசிரியர்களின் கட்டுரைகளும் ஆய்வு மாணவர்களின் கட்டுரைகளும் இடம்பெறுகின்றன. மாணவர் சங்கத்தின் பெயரில் தோன்றிய ஓர் ஆய்விதழ் நூறாண்டுகளைக் கடந்து வெளிவருவது குறிப்பிடத்தக்கது.

இளநிலை வேளாண்மைப் படிப்பின் இறுதியாண்டில் மாணவர்கள் ஊரக வேளாண் பணி அனுபவப் பயிற்சிக்காக ஊர்களுக்குச் செல்கின்றனர். 2015 முதல் இது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் 'ஸ்டூடண்ட் ரெடி' திட்டத்தின் ஒரு பகுதியாகும். இப்பயிற்சியில் மாணவர்கள் உழவர்களுடன் சேர்ந்து ஊரின் நில அமைப்பு, நீர்நிலைகள், பயிர்க் காலங்கள் ஆகியவற்றை வரைந்து அறிகின்றனர். பொள்ளாச்சியின் தென்னந்தோப்பிலோ ஈரோட்டின் மஞ்சள் வயலிலோ காணும் சிக்கல் பாடநூலில் உள்ளவாறே அமைவதில்லை. அங்கு ஆசிரியர், மாணவர், உழவர் மூவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டிய நிலை ஏற்படுகிறது.

தொழில்நுட்பக் கல்வி

பி. எஸ். ஜி. அறநிலையம் 1926 இலும், அதன் தொழில்நுட்பக் கல்லூரி 1951 இலும் தொடங்கப்பட்டன. கல்லூரி வளாகத்திலேயே எக்கிகள், மின்னோடிகள், இயந்திரக் கருவிகள் முதலியவற்றை உருவாக்கும் தொழிற்கூடம் அமைந்திருந்ததால், வகுப்பறையும் பட்டறையும் அருகருகே இயங்கின. படிப்பையும் ஆலைப் பயிற்சியையும் மாறி மாறி அளிக்கும் ஐந்தாண்டு 'சாண்ட்விச்' பொறியியல் படிப்பு இச்சூழலில் வளர்ந்தது. பட்டறையில் பேராசிரியரைவிடத் தொழில்நுட்பப் பணியாளரே சில வேளைகளில் சிறந்த ஆசான் ஆவார். ஆகவே கூட்டாண்மையில் ஆசிரியர் அல்லாத பணியாளர்களையும் சேர்த்தே கருத வேண்டும்.

கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி வேகப்பாதையில் நடைபெற்றுவரும் பார்முலா பாரத் போட்டி மற்றோர் எடுத்துக்காட்டு ஆகும். இதில் பந்தய ஊர்தியை வடிவமைப்பதும் கட்டுவதும் ஓட்டுவதும் மாணவர்களே. ஆசிரியர் ஆலோசகராக மட்டும் செயற்படுகிறார்.

விடுதி நிருவாகம்

தமிழ்நாட்டின் பல கல்லூரி விடுதிகளில், மாத உணவுச் செலவை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துக் கட்டணம் பெறும் 'டிவைடிங்' முறை உள்ளது. கொள்முதலையும் கணக்கையும் விடுதிக் காப்பாளருடன் மாணவர் குழுவினர் மேற்பார்வையிடும் இடங்களில், தவறான முடிவின் செலவு மாணவரையே சேர்கிறது. பொறுப்பும் அதன் விளைவும் ஓரிடத்தில் சேர்வதால் இது எளிய, ஆனால் உண்மையான கூட்டாண்மை எனலாம்.

சட்ட அமைப்பு

1994 இல் நிறுவப்பட்ட தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவையின் வழிகாட்டுதலின்படி கல்லூரிகளில் அமைக்கப்படும் அகத் தர உறுதிக் குழுவில் மாணவர் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஆம் ஆண்டு விதிமுறைகள் மாணவர் குறைதீர்க் குழுவையும் குறைகேள் அலுவலரையும் கட்டாயமாக்கின. எனினும் குறைதீர்க் குழுவில் மாணவர் சிறப்பு அழைப்பாளராகவே இடம்பெறுகிறார்.

சிக்கல்கள்

ஆற்றல் ஏற்றத்தாழ்வு. அகமதிப்பீட்டு மதிப்பெண் வழங்குபவர் ஆசிரியர். எனவே அவருடைய கற்பித்தலைப் பற்றி மாணவர் வெளிப்படையாகப் பேசத் தயங்குவது இயல்பு. அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. அங்கு ஒரு வகுப்பைக் கவனித்து ஆசிரியருக்கு ஆலோசனை கூறும் மாணவர் அப்பாடத்தைப் பயில்பவராக இருப்பதில்லை. மதிப்பெண் பற்றிய அச்சம் இதனால் நீங்குகிறது.

மொழி. தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பெற்றவர்களும் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளும் ஆங்கிலத்தில் நடைபெறும் கூட்டங்களில் அமைதியாக இருந்துவிடுகின்றனர். 2010 இல் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார், இயந்திரப் பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனால் பாடமொழி மாறினாலும் குழுக்களின் மொழி மாறாவிடில் இவர்களின் கருத்து பதிவாவதில்லை. நன்கு பேசுபவரே மீண்டும் மீண்டும் பிரதிநிதியாவதற்கு இது காரணமாகிறது.

உரிய பெயர். ஆய்வில் பெரும்பகுதியைச் செய்த மாணவரின் பெயர் கட்டுரையில் விடுபடுவதும், பங்களிக்காதவரின் பெயர் சேர்க்கப்படுவதும் கூட்டாண்மையைச் சிதைக்கும்.

தொடர்ச்சியின்மை. இளநிலை மாணவர் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் வெளியேறுகிறார். ஆசிரியரோ நெடுங்காலம் பணிபுரிகிறார். ஆகவே நிறுவனத்தின் நினைவு ஒரு தரப்பினரிடமே தங்கிவிடுகிறது.

கட்டியெழுப்பும் முறைகள்

மேற்கண்ட சிக்கல்களைக் குறைக்கப் பின்வரும் முறைகள் உதவும்.

* ஓர் ஆய்வகக் கையேட்டைத் திருத்துதல் போன்ற சிறிய, முடிக்கக்கூடிய பணியில் தொடங்குதல்.
* எவற்றைச் சேர்ந்து முடிவு செய்யலாம், எவை விதிகளால் கட்டுண்டவை என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தல். தேர்வு விதிகள் போன்றவற்றில் இல்லாத உரிமையை இருப்பதாகக் காட்டுவது பின்னர் நம்பிக்கையைக் கெடுக்கும்.
* மதிப்பெண் வழங்குபவரையும் கூட்டாளியையும் இயன்றவரை வேறுபடுத்துதல்.
* கட்டுரையில் பெயர் வரிசையைப் பணி தொடங்கும்போதே பேசி முடிவு செய்தல்.
* தமிழிலும் பேச, எழுத இடமளித்தல்.
* பெறப்பட்ட கருத்துகளில் எது ஏற்கப்பட்டது, எது ஏன் ஏற்கப்படவில்லை என்பதை மாணவர்களுக்குத் திரும்ப அறிவித்தல்.
* வெளியேறும் மாணவர் அடுத்தவருக்குக் குறிப்பேட்டை ஒப்படைத்தல்.

இவற்றுள் திரும்ப அறிவித்தல் செலவில்லாதது. ஆயினும் அதிகம் கைவிடப்படுவது. விடை கிடைக்காத மாணவர் அடுத்த பருவத்தில் படிவத்தை வெறுமனே நிரப்புகிறார். அதன்பின் படிவங்கள் சேர்ந்தாலும் அவற்றிலிருந்து அறியக்கூடியது எதுவும் எஞ்சுவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* நன்னூல்
* தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்
* பொலோனா பல்கலைக்கழகம்
* தமிழ்வழிக் கல்வி