மின்சாரம் எட்டாத இடத்தில் மோட்டார் வண்டித் துப்புரவு

மாடிக் குடியிருப்பின் கீழே மோட்டார் வண்டியை நிறுத்துபவருக்குத் தண்ணீர் கிடைப்பினும் மின்சாரம் கிடைப்பது அரிது. தூசி உறிஞ்சும் பொறியை எதனால் இயக்குவது? வண்டியிலேயே பற்றரி உண்டே என்பர் பலர். கணக்கிட்டுப் பார்ப்போம். 1000 வாற்றுப் பொறிக்கு 12 வோற்றுப் பற்றரி 83 அம்பியருக்கு மேல் ஈதல் வேண்டும். சிகரட் கொளுத்தும் துளையின் உருகியோ பெரும்பாலும் 10 முதல் 20 அம்பியர் வரையே தாங்கும். பற்றரியோடு நேரே மின்மாற்றுக் கருவியை இணைப்பினும், சாதாரணப் பற்றரி அரை மணிக்குள் வறண்டுவிடும். எஞ்சினைக் கிளப்பச் சில விநாடி மாத்திரம் பெருமின்னோட்டம் தருவதற்கென அமைந்தது அது. முற்றாக வடித்தால் அதன் ஆயுளும் குறையும். வண்டி பளபளவென்று நிற்கும், நகரத்தான் மாட்டாது!

ஆதலின், கையோடு கொண்டு செல்லத்தக்க லிதியம் மின்கலப் பெட்டியே நன்று. அதில் இரண்டு எண்களை நோக்குக. வாற்று என்பது அது சுமக்கும் பாரம். வாற்று-மணி என்பது அதன் இருப்பு. 500 வாற்று-மணிப் பெட்டி 1000 வாற்றைச் சுமக்க வல்லதாயினும், அரை மணிக்கும் குறைவாகவே உழைக்கும். மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் மேலும் மிகுதியாக இழுக்கும் என்பதையும் மறத்தலாகாது. தம்முள்ளே பற்றரி பூட்டிய சிறு கருவிகள் இன்னும் எளியவை. 18 வோற்று, 5 அம்பியர்-மணிப் பற்றரியில் 90 வாற்று-மணி உண்டு. இருக்கைத் தூசிக்கு அது போதும். நெடுநேரம் மெருகேற்ற மாற்றுப் பற்றரி வேண்டும்.

பெற்றோல் ஜெனரேற்றர் வைத்திருப்போர், கதவு திறந்திருப்பினும், அதனைக் கராஜினுள் இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உணருமுன் உயிரைப் போக்கிவிடும். வெளியே, சாளரங்களுக்கு 20 அடிக்கு அப்பால், புகைவாய் வீட்டை நோக்காதவாறு அதனை வைக்க.