அடுக்களை ஜன்னல்

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையை மூன்றாம் முறை படித்தபோதுதான் அது உறுத்தியது. ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை சீக்காளி மனைவிக்குச் சமைத்துப் போடுகிறார், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்கிறார். அப்படி ஒரு கணவனைப் படைக்கப் பெரிய மனசு வேண்டும். ஆனால் கதை கடைசிவரை அவர் பக்கத்திலேயே நிற்கிறது. அவர் கடையில் இருக்கும் பகலெல்லாம் செல்லம்மாள் எதை நினைத்துக் கிடந்தாள்?

அக்கால நவீனத்துவர்கள் பெண்ணை மட்டமாக எழுதினார்கள் என்றால் அபாண்டம். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தில் சீதை தீக்குளித்த சேதி கேட்டு அகலிகை மறுபடி கல்லாகிறாள். இராமனுக்கு அதைவிடப் பெரிய அடி இல்லைதான். ஆனாலும் கல்லானவள் அதற்குமேல் பேச முடியாதே.

1966இல் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ ஆனந்த விகடனில் வந்தது. மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெட்டு வீடு திரும்ப, தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்கள் கொந்தளித்தார்கள். தாய் செய்தது சரியா என்றுதான் வழக்கு. அந்தப் பெண்ணை யாரும் சாட்சிக்கூண்டில்கூட ஏற்றவில்லை. தாய் அப்படிச் செய்யாதிருந்தால் என்னவாகும் என்று ஜெயகாந்தனே பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் எழுதிப் பார்த்தார். அங்கேதான் அவள் கங்காவாகித் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கினாள். அதே 1966இல் வந்த ‘அம்மா வந்தா’ளில் அலங்காரத்தம்மாளின் பேரழகும் அவள் மீறலும் பெரும்பாலும் மகன் அப்புவின் தவிப்பு வழியாகவே நமக்கு வந்து சேர்கின்றன. தி. ஜானகிராமனின் அந்த உரைநடையில் மயங்காதவர் யார்? மயக்கத்தில், அவளை மகனின் கண்ணால்தான் பார்க்கிறோம் என்பதை நானும் வெகுகாலம் கவனிக்கவில்லை.

அம்பை கவனித்தார். ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யில் ராஜஸ்தானத்துக் கூட்டுக்குடும்பத்தின் இருட்டுச் சமையலறை, ஜன்னலுக்கு வெளியே மலை. அந்த அறையை வசதியாக்கலாமே என்று தெற்கிலிருந்து போன மருமகள் மீனாட்சி கேட்கிறாள். கற்பும் இல்லை, சாபமும் இல்லை. தண்ணீர்த் தொட்டியும் வெளிச்சமும்தான் பிரச்சினை.

2004இல் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. சிறுமி ராபியாவைச் சுற்றி உம்மாக்களும் பெரியம்மாக்களும் உடம்பைப் பற்றி, படுக்கையைப் பற்றி, அடுத்த வீட்டைப் பற்றிக் கூசாமல் பேசித் தீர்க்கிறார்கள். ஆண்கள் வந்து போகிறார்கள். அவர்கள் தலை மறைந்ததும் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.